திருநீற்றுச் சம்படத்தில் மிஞ்சிய ஸ்பூன்

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், வீட்டில் புழங்கிய டீ சாமான்களை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரிய டீ கெண்டி ஒன்று, சர்க்கரைக் கிண்ணம் ஒன்று, சின்ன ஸ்பூன் ஆறு. அம்மாயி அவற்றை ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அம்மாயிக்குப் பிறகு அம்மாவிடம் வந்து, அப்புறம் என்னிடம் வந்தது. "வெள்ளிச் சாமான் கண்ணு, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தார்.

அந்த அவசரம் 2023 ஜூனில் வந்தது. மகளுக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதல் தவணைக்கு 22,000 ரூபாய் குறைந்தது. வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார், திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆகும். கட்டக் கடைசித் தேதி ஐந்தே நாளில். யாரிடமும் கேட்கக் கூச்சம். எங்கள் ஊரான கோபியில் விற்றால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். இப்போது நினைத்தால் அந்தக் கூச்சம்தான் என்னை முதலில் ஏமாற்றியது. யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற நினைப்பில் ஒரே கடையோடு நிறுத்திக்கொண்டேன். கிளம்புமுன் வீட்டுத் தராசில் எடை கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

கெண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அதன் அடியில் வரிசையாக நான்கு கேடயம், ஒவ்வொன்றுக்குள்ளும் கோயில் கல்வெட்டு மாதிரி வளைந்த ஓர் எழுத்து. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. பெரிய பொருள், நிறைய வெள்ளி, இதை மகள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கிண்ணத்திலும் ஸ்பூனிலும் இருந்தவை அரிசி முனை அளவுக்குச் சின்னச் சின்னக் குறிகள், பாதி தேய்ந்தவை. தேடியபோது ஸ்பூன் ஐந்துதான் கிடைத்தது. ஐந்தையும் கிண்ணத்தையும் பையில் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, பிரிட்டிஷ் வெள்ளின்னா ராணி தலை இருக்கோணுமுங்க. இதுல நாயாட்டம் என்னமோ ஒண்ணு இருக்குது. 925ன்னு நெம்பரும் இல்லீங்க. ஃபாரின் மெட்டலுங்க்கா, மேல வெள்ளிப் பூச்சு" என்றார். எடை 360 கிராம் வந்தது. பூச்சுக்காகக் கிராமுக்கு 20 ரூபாய் போட்டு 7,200 கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வெள்ளியின் சுத்தம் பார்க்கும் டச் மிஷினில் வைத்துச் சீட்டு கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. வெறும் மெட்டலுக்குக் கிராம் 20 என்றால் கிலோ 20,000 ரூபாய் ஆகிறதே, பூச்சுக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள் என்றும் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியை நான் அங்கே கேட்டிருந்தால் போதும். பொருள் ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கிக்கொள்ள ஒருவர் ஆசைப்பட்டால், பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

மீதிக்கு 15,000 ரூபாய் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினேன். மாதம் 300 ரூபாய். அசலை அடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. வட்டி மட்டும் 4,200.

ஆறாவது ஸ்பூன் அடுத்த வாரம் அகப்பட்டது. பூஜை அறையில் திருநீற்றுச் சம்படத்துக்குள் இருந்தது. அம்மா எப்போதோ திருநீறு எடுக்க அதில் போட்டு வைத்திருக்கிறார். ஃபாரின் மெட்டல்தானே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் தப்பாக. வெள்ளி என்றால் 925 என்ற எண் இருக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. அடுத்த வருடம் சேலத்தில் இருக்கும் தங்கச்சி மகளுக்குச் சீர் வந்தது. பெரியம்மா என்ற முறைக்கு ஒரு ஜோடிக் கொலுசு எடுக்க வேண்டும். கோயமுத்தூரில் ஒரு கண்காட்சி ஸ்டாலில், கொக்கிக்குப் பக்கத்தில் 925 என்று பளிச்சென்று அடித்த கொலுசு இருந்தது. எடைக் கணக்கு கிடையாது, பீஸ் ரேட், 5,600 ரூபாய். எண்ணைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதி. பில்லில் "ஸ்டெர்லிங் சில்வர் கொலுசு - 1" என்று மட்டும் இருந்தது. எடை இல்லை, டச் இல்லை, கூலி தனியாக இல்லை. ஐந்து மாதத்தில் கண்ணி விட்டுப்போனது. அறுந்த இடத்தில் உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் மாமியார் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததாகச் சொன்னாள். ஈரோட்டில் பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய வலி.

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்பேட்டையில் வயதான ஆசாரி ஒருவரிடம் தங்கச்சி அழைத்துப் போனாள். கொலுசைப் பத்த வைக்கலாம் என்று போனேன். போகிற போக்கில் கெண்டியையும் விலை கேட்டு வரலாம் என்று எடுத்துப் போயிருந்தேன், ஒரே ஜோடிச் சாமான் என்பதால் அந்த ஸ்பூனையும் கெண்டிக்குள் போட்டிருந்தேன். அவர் முதலில் கெண்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஒரு நொடிதான். ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம் ஸ்பூனை எடுத்தார். திருநீறு அப்பியிருந்ததை வேட்டி முனையால் ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. கண்ணாடியைக் கண்ணோடு வைத்து, ஸ்பூனை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "இதோட ஜோடி எங்கீங்கம்மா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. தங்கச்சிதான் சொன்னாள்.

அவர் காட்டித்தான் நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். ஸ்பூன் காம்பின் பின்பக்கம் நான்கு குறி. இடப்பக்கம் பார்த்து நடக்கும் சிங்கம், முன்னங்கால் ஒன்று தூக்கியிருக்கிறது. ஈரோட்டுக்காரருக்கு நாயாகத் தெரிந்தது அதுதான். பக்கத்தில் ஒரு நங்கூரம். அதற்கடுத்து ஓர் ஆங்கில எழுத்து. கடைசியில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு எழுத்து, செய்தவருடைய பெயரின் முதலெழுத்துகள். "எண்ணைப் பார்க்கறீங்க. அந்த எண்ணை அடிச்சது யாருன்னு பார்க்க வேண்டாமுங்களா?" என்று கேட்டார். கொலுசில் 925ஐ அடித்தது செய்தவனே. அதைச் சோதித்தவர் யாருமில்லை. மிஷினில் 64 டச் காட்டியது. ஸ்பூன் 92.5 காட்டியது. டச் என்றால் நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு, 925 என்பது ஆயிரத்துக்கு. இரண்டும் ஒன்றுதான். 925ஐ 92.5 டச் என்றும் 800ஐ 80 டச் என்றும் பேசுவார்கள்.

வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து பல ராத்திரி தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரமாக வந்தது. ஈரோட்டில் சொன்ன இரண்டு காரணமும் அடியோடு தப்பு. இங்கிலாந்தில் வெள்ளிச் சாமானில் ராஜா, ராணி தலை அடித்தது வரி கட்டிய அடையாளத்துக்காக. 1784இல் தொடங்கி 1890இல் அந்த வரியோடு அதுவும் நின்றுபோனது. எங்கள் ஸ்பூனில் உள்ள எழுத்துப்படி அது 1920களில் செய்தது. தலை எப்படி இருக்கும்? 925 என்ற எண்ணும் அப்படித்தான். 1544 முதல் அந்தச் சிங்கமே இங்கிலாந்தில் ஸ்டெர்லிங் தரத்துக்கு, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளிக்கு, அடையாளம். எண் கட்டாயமாக வந்தது 1999இல்தான். பழைய ஆங்கிலச் சாமானில் 925 இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. சிங்கம் எண்ணைவிடப் பெரிய சாட்சி, ஏனென்றால் செய்தவர் அதை அடிக்க முடியாது. அவர் தன் எழுத்தை மட்டும் அடித்துச் சோதனை நிலையத்துக்கு அனுப்புவார். அங்கே சுரண்டிச் சோதித்து, தரம் சரி என்றால்தான் சிங்கம் விழும். லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குக் கொண்டுபோய் அடித்ததால்தான் ஹால்மார்க் என்ற பெயரே வந்தது.

நங்கூரம் பர்மிங்காம் ஊர்க் குறி, அந்த நிலையம் 1773இல் தொடங்கியது. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எதற்கு என்று மகள் கேட்டாள். லண்டனில் கிரௌன் அண்ட் ஆங்கர் என்ற விடுதியில் கூடிப் பேசித்தான் பர்மிங்காம்காரர்கள் நங்கூரத்தையும் ஷெஃபீல்டுகாரர்கள் கிரீடத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஷெஃபீல்டு பின்னாளில் ரோஜாவுக்கு மாறிவிட்டது. சிறுத்தைத் தலை லண்டன், கோட்டை எடின்பரோ. தனியாக நிற்கும் ஆங்கில எழுத்து வருடத்தைச் சொல்வது. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், நானும் ஒரு வாரம் தடுமாறினேன். 1975க்கு முந்திய சாமானில் ஒரே எழுத்து ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வருடம். எழுத்தின் வடிவமும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் சுற்றுக்குச் சுற்று மாறும். அதனால் முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் அந்த ஊர்ப் பட்டியலில் எழுத்தைத் தேடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சாமானில் பெரும்பாலும் ஸ்டெர்லிங் என்று முழு வார்த்தையே அடித்திருக்கும். அங்கே பொதுவாக இந்த மாதிரிச் சோதனை நிலையம் கிடையாது, செய்த கம்பெனியின் பேச்சைத்தான் நம்ப வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸிலும் கல்கத்தாவிலும் செய்த வெள்ளிக்கும் அதே நிலைதான், செய்த கம்பெனியின் பேச்சுதான் சாட்சி.

கம்பீரமான கெண்டியின் நான்கு கேடயத்துக்குள் இருந்த எழுத்துகள் இ, பி, என், எஸ். நிக்கல் சில்வர் மேல் மின்சாரத்தால் பூசிய வெள்ளி என்பதன் சுருக்கம். நிக்கல் சில்வர், ஜெர்மன் சில்வர் என்பதெல்லாம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், பெயரில்தான் சில்வர். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் கம்பெனி மின்பூச்சுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இது பெருகியது. எழுத்துகளைக் கேடயத்துக்குள் ஹால்மார்க் மாதிரியே வரிசையாக அடித்திருப்பார்கள். பக்கத்தில் ஏ1 என்று இருந்தால் அது பூச்சின் தரம், வெள்ளியின் தரம் இல்லை. நான் வைத்துக்கொண்டது இது. விற்றது சிங்கம்.

குறி தேய்ந்து தெரியாவிட்டால் மகள் செய்ததைச் செய்து பாருங்கள். எண்ணெய் விளக்குச் சுடருக்கு மேல் குறி உள்ள இடத்தை ஒரு கணம் காட்டிக் கரி பிடிக்கவிட்டாள். ஆறிய பிறகு செலோடேப்பை அழுத்தி ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினாள். சிங்கத்தின் வால் வளைவு கூட அதில் விழுந்தது. நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டு அழுத்தித் தேய்க்கிறோம். குறி உள்ள இடத்தில் அதைச் செய்யாதீர்கள், பாலிஷ் போடக் கொடுக்கும்போதும் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் சாட்சி கரைகிறது.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை, அது சரி. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தமில்லை. செம்பும் பித்தளையும் எங்கள் கெண்டியும்கூட ஒட்டாது. அதைவிட நல்லது தண்ணீர்ச் சோதனை. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசில் முதலில் பொருளை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, பொருளை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். ஸ்பூன் 24.8 கிராம், தண்ணீரில் 2.4 காட்டியது, வகுத்தால் 10.3. ஸ்டெர்லிங் வெள்ளி 10.3, 10.4 வரும். கெண்டி மூடி 46 கிராம், தண்ணீரில் 5.3 காட்டியது. கணக்கு 8.7. சமையல்கட்டு மேடையில் நின்று அந்த இரண்டு எண்ணையும் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சுலபமான ஒன்றை அன்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. உள்ளே கூடாக இருப்பதற்கும், அரக்கு அடைத்த கத்திப் பிடிக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. டச் மிஷினும் மேல்தோலைத்தான் படிக்கும், தடித்த பூச்சு இருந்தால் ஏமாறலாம். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் லேசாக அரம் போட்டுவிட்டு அங்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி புதிதாக வாங்குவதைப் பற்றி. தங்கத்துக்கு 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயமாகியது, வெள்ளிக்கு விருப்பத்தின்பேரில்தான். அதனால்தான் யார் வேண்டுமானாலும் 925 அடித்து விற்க முடிகிறது. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல், ஹால்மார்க் வாங்கும் வெள்ளிக்கும் ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியீடு வந்துவிட்டது. ஹால்மார்க் வாங்கிய பொருளில் மூன்று இருக்கும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முக்கோண முத்திரையோடு சில்வர் என்ற சொல், 800 அல்லது 925 போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடமுள்ள அந்தக் குறியீடு. அந்த ஆறையும் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிலையம் சோதித்தது, என்ன தரம், என்ன பொருள் என்று காட்டும். பொருள் என்ன என்பதை விடாமல் பாருங்கள். கையில் கொலுசு இருந்து செயலி மோதிரம் என்று காட்டினால், குறியீடு எங்கிருந்தோ எடுத்தது. ஹால்மார்க் உள்ள பொருளில் தரம் குறைந்தால், குறைந்த வெள்ளியின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்டு வாங்க விதி இருக்கிறது. என் கண்காட்சிக் கொலுசுக்கு அது எதுவும் இல்லை. எடையும் டச்சும் எழுதாத பில்லை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நிற்க முடியும்? கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பீஸ் ரேட் என்றால் எடையையாவது எழுதச் சொல்லுங்கள். தங்கச்சி மகளுக்கு இப்போது போட்டிருப்பது அந்த ஆசாரியே செய்து கொடுத்த 80 டச் கொலுசு. 80 என்றே சொல்லி, 80 என்றே எழுதிக் கொடுத்தார். எனக்கு அது போதும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 360 கிராமில் 92.5 பங்கு என்றால் 333 கிராம் சுத்த வெள்ளி. அன்றைக்குக் கிராம் 75 ரூபாய் என்று வைத்தாலும் 25,000 ரூபாய்க்கு 25 ரூபாய்தான் குறைவு. உருக்கும் செலவு, கழிவு எல்லாம் போனாலும் 22,000 கையில் வந்திருக்கும். மகள் கட்டணத்துக்குக் குறைந்த தொகை அதுவேதான். கடன் வாங்கியிருக்கவே வேண்டாம்.

சேலத்திலிருந்து வந்த மறுவாரம் ஈரோட்டுக் கடைக்குப் போனேன். இந்த முறை வீட்டுக்காரரும் வந்தார், ஸ்பூனும் கரி எடுத்த தாளும் கையில் இருந்தன. சண்டை போடப் போகவில்லை, கிண்ணத்தையாவது எடையின் விலை கொடுத்துத் திரும்ப வாங்கலாம் என்றுதான் போனேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், ஸ்பூனைப் பார்த்தார். "அதெல்லாம் அப்பவே உருக்கியாச்சுங்க்கா" என்றார். மேற்கொண்டு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அம்மாயி கையால் துணி சுற்றி வைத்திருந்தது அது. பஸ்ஸில் கோபி வந்து சேரும்வரை வீட்டுக்காரர் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஸ்பூன் இப்போது திருநீற்றுச் சம்படத்தில் இல்லை. மெத்தென்ற பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி, அந்தத் தாளையும் சேர்த்து, அம்மாயியின் டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். அது என்ன, எந்த ஊர், எவ்வளவு எடை என்று மகள் தன் கையெழுத்தில் எழுதி உள்ளே போட்டிருக்கிறாள்.